ரிட்ஜ்வே பருந்தைக் காக்கும் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கரீபியக் கடலில், ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஹிஸ்பானியோலாத் தீவையும் அதை ஒட்டிய சிறு தீவுகளையும் தவிர, உலகில் வேறெங்கும் வாழாத பறவை ரிட்ஜ்வே பருந்து. 1883-ஆம் ஆண்டு அறிவியலுக்கு அறிமுகமான இந்தக் காட்டுப் பருந்து, ஒரு காலத்தில் தீவின் தாழ்நிலக் காடுகளில் பரவலாக வாழ்ந்தது. இந்த நூற்றாண்டு தொடங்கியபோது, ஏறக்குறைய முழு எண்ணிக்கையும் டொமினிக்கன் குடியரசின் வடகிழக்கில் உள்ள லோஸ் ஐத்தீசெஸ் தேசியப் பூங்காவிலும் அதன் ஓரங்களிலும் ஒடுங்கிவிட்டது. எஞ்சியவை 300-க்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களுக்கான பிரிவில் அது வைக்கப்பட்டது.

பருந்துகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்களும், தன்னார்வலராகக் களத்துக்குச் செல்ல நினைக்கும் பறவை ஆர்வலர்களும் பெரும்பாலும் காடு அழிவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது பிழையன்று, ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் இந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது. காடு நின்றிருக்கும் இடத்திலும் கூட்டுக்குள் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தன என்பதே ரிட்ஜ்வே பருந்தின் கதையில் முக்கியமான செய்தி. ஆகவே இந்த வழிகாட்டி கூட்டை மையமாக வைத்தே செல்கிறது: கூட்டை அடையாளம் காண்பது, தொந்தரவு செய்யாமல் கவனிப்பது, அதைச் சுற்றி வாழும் மனிதர்களோடு பேசுவது, கடைசியாக அந்தக் கூட்டில் பிறந்த பறவையைப் புதிய இடத்தில் குடியேற்றுவது.

முதல் படி: பறவையைப் பிழையின்றி இனங்காணப் பழகுங்கள்

ரிட்ஜ்வே பருந்து சிறிய பறவை. அலகிலிருந்து வால் நுனி வரை 36 முதல் 41 சென்டிமீட்டர் நீளமிருக்கும். ஏறக்குறைய நம் ஊர்க் காகத்தின் அளவு. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஆணின் உடல் சாம்பல் நிறம் மிகுந்தும், தோளிலும் தொடையிலும் செம்பழுப்பு ஏறியும் இருக்கும். பெண் சற்றுப் பழுப்பாக, அடிப்பகுதியில் அழுத்தமான குறுக்குப் பட்டைகளோடு காணப்படும். இளம் பறவைகளின் அடிப்பகுதி வெளிறிய நிறத்தில், பட்டைகளுக்குப் பதிலாக நெடுக்குக் கீற்றுகளோடு இருக்கும். வளர்ந்த பறவையின் வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தெரியும்.

இதே தீவில் செவ்வால் பருந்தும் வாழ்கிறது. புதிதாக வருவோர் அடிக்கடி குழம்புவது இந்த இரண்டுக்கும் இடையில்தான். செவ்வால் பருந்து மிகப் பெரியது. அகன்ற சிறகை விரித்து உயரத்தில் வெகுநேரம் வட்டமிடும். வளர்ந்த பறவையின் வால் மேற்புறம் செங்கல் நிறத்தில் இருக்கும். ஓர் இடத்தில் ரிட்ஜ்வே பருந்து இருக்கிறது என்று தவறாகப் பதிவு செய்தால், பல நாள் உழைப்பு இல்லாத கூட்டைத் தேடுவதில் போய்விடும். மலைக்காடுகளில் குட்டைச் சிறகும் நீண்ட வாலும் கொண்ட சிறிய வல்லூறு ஒன்றும் உண்டு. அது மரங்களுக்கிடையே விரைந்து பாய்ந்து மறையும் என்பதால் அதனோடு குழப்பம் குறைவு.

பயணத்துக்கு முன்பு, உங்கள் ஊரில் வேப்பமரத்திலோ தென்னந்தோப்பிலோ கூடு கட்டும் வைரியைச் சில வாரங்கள் தொலைவிலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்துப் பழகுவது நல்லது. இலைகளுக்கு நடுவே அசையாமல் அமர்ந்திருக்கும் பருந்தைக் கண்டுபிடிக்கும் கண், புத்தகத்தால் வருவதன்று.

இரண்டாம் படி: நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

லோஸ் ஐத்தீசெஸ் ஒரு சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்ததால், செங்குத்தான சரிவுகள் கொண்ட சிறு குன்றுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. அவற்றை அங்கே மொகோட்டே என்கிறார்கள். ஆண்டு முழுவதும் நல்ல மழை பெய்தாலும், பெய்த நீர் கல்லிடுக்குகளில் இறங்கிவிடுவதால் நடக்கும் வழியில் ஓடை கிடைக்கும் என்று நம்பக் கூடாது. குடிநீரைச் சுமந்தே செல்ல வேண்டும். கல் கூர்மையானது, தடித்த அடி கொண்ட காலணி அவசியம்.

குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில்தான் மண் ஆழமாக இருக்கும். அங்கேதான் உழவர்கள் காட்டை வெட்டி எரித்துக் கிழங்குகளும் வாழையும் பயிரிடுகிறார்கள். இவ்வகைத் தோட்டத்துக்கு அங்கே கொனூகோ என்று பெயர். சில ஆண்டுகளில் மண்வளம் குன்றியதும் அடுத்த பள்ளத்துக்கு நகர்கிறார்கள். 1976-இல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் இது முற்றிலும் நிற்கவில்லை, ஏனெனில் அங்கே வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு வேறு நிலமில்லை. எரிக்கும்போது கூடுள்ள மரமும் சேர்ந்து எரியலாம்.

ரிட்ஜ்வே பருந்து அடர்காட்டின் நடுப்பகுதியில் மட்டும் வாழ்வதில்லை. காட்டின் ஓரங்களிலும், மரங்கள் எஞ்சியுள்ள தோட்டங்களிலும் கூடு கட்டுகிறது. அதனால் அது மனிதர்களின் கண்ணெதிரே வாழ்கிறது. ஆபத்தும் வாய்ப்பும் இரண்டும் அங்கேயே இருக்கின்றன.

மூன்றாம் படி: பருவமும் அனுமதியும்

கூடு கட்டும் பருவம் ஏறக்குறைய ஜனவரியில் தொடங்கி ஜூலை வரை நீளும். முதல் வாரங்களில் இணைப் பறவைகள் வானில் ஒன்றாகச் சுற்றுவதும், கூர்மையாகக் கத்துவதும், குச்சிகளைச் சுமந்து பறப்பதும் கண்ணில் படும். கூடுகளைக் கண்டுபிடிக்க அதுவே ஏற்ற காலம். அடைகாக்கத் தொடங்கிய பிறகு பறவைகள் அடங்கிவிடும். அப்போது போய்த் தேடுவது இருமடங்கு உழைப்பு.

தேசியப் பூங்காவுக்குள் ஆய்வு செய்யவும், கூட்டை நெருங்கவும், பறவையைத் தொடவும் டொமினிக்கன் குடியரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி தேவை. அனுபவமில்லாத ஒருவர் தனியாக இதற்கு விண்ணப்பிப்பதைவிட, அங்கே நெடுங்காலமாகப் பணிபுரியும் அமைப்போடு சேர்ந்து செல்வதே முறை. அமெரிக்காவைச் சேர்ந்த பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பு 2000-ஆம் ஆண்டு முதல் இந்தப் பறவைக்காக உழைத்துவருகிறது. பூங்காவின் ஓரத்தில் உள்ள லோஸ் லிமோனெஸ் என்ற ஊரைச் சேர்ந்தவர்களே பயிற்சி பெற்று, மரமேறுவோராகவும் கூடு கவனிப்போராகவும் அதன் களப்பணியைத் தாங்கி நிற்கிறார்கள். அவர்களோடு பேச ஓரளவு ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு செல்லுங்கள். ஆங்கிலம் அங்கே அதிகம் உதவாது.

நான்காம் படி: கூட்டைக் கண்டுபிடித்தல்

விடியற்காலையில் ஒரு குன்றின் மேல் ஏறி, சுற்றியுள்ள பள்ளங்கள் தெரியும்படி அமர்ந்துகொள்ளுங்கள். காட்டுக்குள் நடந்து தேடுவதைவிட மேலிருந்து பார்ப்பதே பலன் தரும். பருந்தின் குரல் கேட்ட திசை, குச்சியோடு போன திசை, இரையோடு போன திசை ஆகிய மூன்றையும் திசைகாட்டி வைத்துக் குறித்துக்கொண்டு, மற்றொரு குன்றிலிருந்து இன்னொருவர் குறித்த கோட்டோடு பொருத்திப் பார்த்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் தேடலைத் தொடங்கலாம்.

பிறகு அரசப் பனைகளைப் பாருங்கள். ஹிஸ்பானியோலாவில் பனைக்குருவி என்றொரு பறவை உண்டு. டொமினிக்கன் குடியரசின் தேசியப் பறவை அது. பல இணைகள் ஒன்றுகூடி, பனையின் மட்டைகளுக்கு அடியில் குச்சிகளை அடுக்கி, தனித்தனி வாசல்கள் வைத்துப் பெரிய கூட்டுக்குடியிருப்பைக் கட்டுகின்றன. அதன் மேற்பரப்பு அகலமாகவும் உறுதியாகவும் இருப்பதால் ரிட்ஜ்வே பருந்து பலமுறை அதன் தலையிலேயே தன் கூட்டை அமைத்துக்கொள்கிறது. கீழே குருவிகள் சத்தமிட்டபடி வாசல்களில் நுழைந்து வெளிவர, மேலே பெண் பருந்து முட்டைகளின் மேல் அமர்ந்திருக்கும். கீழிருந்து பார்ப்பவருக்கு முழுவதும் பனைக்குருவியின் குச்சிக்குவியலாகவே தோன்றும். குவியலின் மேல்விளிம்பில் புதிய பச்சிலைகள் வைக்கப்பட்டிருந்தாலோ, அடிமரத்தில் வெள்ளை எச்சம் தெறித்திருந்தாலோ, ஒரே நாளில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று காலைப்பொழுதுகளாவது தொலைவிலிருந்து கவனியுங்கள். பனையை விட்டால், காட்டில் உயர்ந்து நிற்கும் பிற மரங்களின் கவட்டைகளிலும் கூடுகள் இருக்கும்.

ஐந்தாம் படி: கவனிப்பதும் குறிப்பதும்

பறவை உங்களை நோக்கிக் கத்தினாலோ, கூட்டிலிருந்து எழுந்து நின்றாலோ, நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். முட்டையும் பஞ்சுக்குஞ்சும் உள்ள நாட்களில், மழையிலோ உச்சிவெயிலிலோ தாயைக் கூட்டிலிருந்து எழுப்புவது குஞ்சின் உயிருக்கே கேடாகும். ஒரு கூட்டுக்குச் செல்லும் வழியை ஒவ்வொரு முறையும் வெட்டித் திருத்தாதீர்கள். தெளிவான பாதை வேட்டையாடும் விலங்குக்கும் மனிதருக்கும் வழி காட்டும்.

பொதுவாக இரண்டு முட்டைகள் இருக்கும். ஒன்றோ மூன்றோ இருப்பதும் உண்டு. ஒரு மாதத்துக்கும் மேல் அடைகாக்கும். அந்த நாட்களில் ஆண் பறவை இரை கொண்டுவர, பெண் கூட்டை விட்டு அருகில் வந்து வாங்கிக்கொள்ளும். இரையின் வகையை எழுதுவது இந்தப் பணியின் மிகப் பயனுள்ள பகுதிகளில் ஒன்று. பல்லி, ஓணான் இனங்கள், பாம்பு, எலி, தவளை, சில சமயம் சிறு பறவை என்று நீங்கள் எழுதும் பட்டியல், பின்னால் சொல்லப்போகும் கோழிப் பிரச்சினையில் ஊராரிடம் காட்டக்கூடிய சான்றாகிறது.

ஒவ்வொரு வருகையிலும் நாள், நேரம், வானிலை, வளர்ந்த பறவைகளின் எண்ணிக்கை, அடையாளத்துக்காக அவற்றின் காலில் மாட்டிய வளையத்தின் நிறமும் எழுத்தும், குஞ்சுகளின் எண்ணிக்கை, அவற்றின் இறகு வளர்ச்சி ஆகியவற்றை அந்த இடத்திலேயே எழுதுங்கள். பார்க்காத ஒன்றை ஊகித்து நிரப்பாதீர்கள். வெற்றிடமாக விட்ட கட்டம், பொய்யாக நிரப்பிய கட்டத்தைவிட ஆயிரம் மடங்கு மேலானது. கூட்டின் சரியான இடத்தைச் சமூக ஊடகத்திலோ பொதுப் பறவைப் பதிவுத் தளங்களிலோ வெளியிடவே கூடாது. படத்தைப் பகிர்ந்தாலும், இடம் குறித்த தகவலை நீக்கிவிட்டே பகிர வேண்டும்.

ஆறாம் படி: குஞ்சைக் கொல்லும் ஈ

இந்தப் பகுதியை அவசரமின்றிப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ரிட்ஜ்வே பருந்தின் மீட்சி பெரிதும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

ஃபிலோர்னிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஓர் ஈ பறவைக் கூடுகளை நாடி வருகிறது. வளர்ந்த ஈ குஞ்சுக்குக் கேடு செய்வதில்லை. அதன் புழுதான் குஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, அங்கேயே தங்கி உடல்நீரை உண்டு வளர்கிறது. குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தால், தலையிலும் சிறகடியிலும் வயிற்றிலும் பட்டாணி அளவுக்குத் தோல் புடைத்திருக்கும். ஒவ்வொரு புடைப்பின் உச்சியிலும் சிறு துளை. புழு தன் பின்முனையை அந்தத் துளையில் வைத்தே மூச்சுவிடுகிறது. முதிர்ந்ததும் துளை வழியே வெளியேறி, கூட்டின் குச்சிகளுக்கிடையே கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாகிறது. ஒன்றிரண்டு புழுக்களை ஒரு குஞ்சு தாங்கிக்கொள்ளும். பல புழுக்கள் ஒரே நேரத்தில் புகுந்தால் குஞ்சு சோர்ந்து, வளர்ச்சி குன்றி இறந்துவிடும்.

இந்த ஈ வெளியிலிருந்து வந்ததன்று, தீவுக்கே உரியது. பறவைகள் ஏராளமாக இருந்த காலத்தில் சில கூடுகள் இழக்கப்பட்டாலும் இனம் தாங்கியிருக்கும். எண்ணிக்கை சில நூறாகக் குறைந்துவிட்ட பிறகு அதே இழப்பைத் தாங்க முடியாது. இயற்கையான ஒட்டுண்ணியை எதிர்த்து மருந்திடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்: காட்டைச் சுருக்கி இந்தப் பறவையை இந்நிலைக்குக் கொண்டுவந்தது மனிதர்கள் என்பதால், இடைப்பட்ட காலத்தில் கூட்டைக் காக்கும் பொறுப்பும் மனிதர்களுடையதே.

மருந்தின் பலன் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, பூச்சிக்கொல்லியைக் குஞ்சின் உடல்மேல் இட்ட கூடுகளில் புழுத்தாக்குதல் 89 விழுக்காடு குறைந்தது. கூட்டைவிட்டு வெற்றிகரமாகப் பறந்த குஞ்சுகளின் விகிதம் 179 விழுக்காடு கூடியது. அதாவது முன்பு இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அழிவின் விளிம்பில் உள்ள ஒரு பறவைக்கு, இவ்வளவு எளிய செயல் இவ்வளவு பலன் தருவது அரிது.

செயல்முறை எளிதென்றாலும், புதியவர் கை வைக்கக்கூடிய வேலை அன்று. கயிறும் இடுப்புக்கச்சையும் அணிந்து பயின்ற ஒருவர் மரமேறுவார். குஞ்சுகளைச் சோதித்து, மருந்திட்டு, குறித்த இடைவெளியில் மீண்டும் வருவார். மருந்தின் அளவு பிசகினால் குஞ்சுக்கே நஞ்சாகும். உங்கள் பங்கு கீழே நிற்பது: நேரத்தைக் கணக்கிடுவது, தாய்ப்பறவையின் நடத்தையைக் கவனித்து மேலே இருப்பவருக்குச் சொல்வது, புடைப்புகளின் எண்ணிக்கையை அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, வேலை முடிந்ததும் தாய் கூட்டுக்குத் திரும்பும்வரை தொலைவிலிருந்து காத்திருந்து அதையும் குறித்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னதைத் தவிர்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

ஏழாம் படி: ஊராரோடு பேசுதல்

பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கிவிடும் என்ற அச்சத்தால் ரிட்ஜ்வே பருந்துகளைச் சுடுவதும் கூட்டைக் கலைப்பதும் நெடுங்காலம் நடந்தன. அந்த அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். நான்கைந்து கோழிகளே சேமிப்பாக வைத்திருக்கும் வீட்டில் ஒரு குஞ்சு போவதும் இழப்புதான். ஆயினும் காக அளவுள்ள, பல்லியும் எலியும் தின்று வாழும் இந்தப் பருந்தால் நேரும் இழப்பு சிறிது. பெரிய செவ்வால் பருந்தும், கீரியும் செய்வதும் இதன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிப்பதற்காக 1872-இல் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட கீரி, பின்னர் ஹிஸ்பானியோலாவிலும் விடப்பட்டு, இன்று அங்கே கோழிகளுக்கும் நாட்டுப் பறவைகளுக்கும் பெருந்தொல்லையாக இருக்கிறது.

அதனால் பாதுகாப்புக் குழுவினர் சொற்பொழிவோடு நிறுத்திக்கொள்ளாமல், வீடுகளுக்குக் கோழிக்கூண்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். இளங்குஞ்சுகளைக் கூண்டில் வைத்தால் எந்தப் பருந்தும் தூக்க முடியாது. கீரிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பருந்தைச் சுட வேண்டிய காரணமே இல்லாமற்போகிறது. இந்தத் திட்டம் முழுவதிலும் நான் மிகவும் மதிப்பது இந்தக் கூண்டைத்தான். பள்ளிகளில் இப்பருந்துக்கென விழா நடத்துவதும், உள்ளூர் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு வேலை தருவதும் இதனோடு சேர்ந்து நடக்கின்றன. நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால், முதலில் அவர்களுடைய கோழிகளைப் பற்றிக் கேளுங்கள். பருந்தைப் பற்றிய பேச்சு தானாக வரும்.

எட்டாம் படி: புதிய இடத்தில் குடியேற்றுதல்

ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் ஒரே பூங்காவில் இருந்தால், ஒரு பெரும்புயலோ ஒரு தொற்றுநோயோ இனத்தையே முடித்துவிடலாம். 1998-இல் ஜார்ஜஸ் புயல் இந்தத் தீவைத் தாக்கியதை நினைத்துப் பாருங்கள். நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணைசேரும் ஆபத்தும் உண்டு. இதனால் 2009 முதல் லோஸ் ஐத்தீசெஸ் கூடுகளிலிருந்து இளம் பறவைகளை எடுத்து, கிழக்குக் கடற்கரையில் உள்ள புந்தா கானாவில் விடத் தொடங்கினார்கள். அங்கே விடப்பட்ட பறவைகள் 2013-இல் முதன்முறையாகத் தாமே குஞ்சு பொரித்தன. 2019-இல் அதே நாட்டின் அனியானா வர்காஸ் தேசியப் பூங்காவிலும் விடத் தொடங்கினார்கள்.

பறக்கப்போகும் நிலையில் உள்ள இளம் பறவைகளை, உயரத்தில் நிறுத்திய மரப்பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் முன்புறம் கம்பியால் ஆனது. சுற்றியுள்ள காட்டைப் பார்த்து, இதுவே தன் இடம் என்று பறவை பழகிக்கொள்ளும். உணவு கொடுப்பவரை அது பார்க்காதபடி உணவு உள்ளே போடப்படும், ஏனெனில் மனிதரோடு உணவைச் சேர்த்து நினைக்கும் பருந்து பிற்காலத்தில் மனிதரிடம் அஞ்சாமல் சென்று சாகும். சில நாட்களுக்குப் பின் கதவைத் திறந்துவிடுவார்கள். பறவை பறந்து போனாலும், தானே வேட்டையாடக் கற்கும்வரை பெட்டியின் மேல் உணவு தொடர்ந்து வைக்கப்படும். இந்தக் கட்டத்தில் தன்னார்வலரின் வேலை நீண்டது, சலிப்பூட்டுவது, இன்றியமையாதது: ஒவ்வொரு பறவையும் அன்று உணவுக்கு வந்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, வராவிட்டால் கடைசியாக எங்கே காணப்பட்டது என்று விடியலிலிருந்து அந்திவரை எழுதுவது.

புந்தா கானாவில் மற்றொரு ஆபத்து வெளிப்பட்டது. அங்கே வேட்டை குறைவு. ஆனால் மின்கம்பங்கள் அதிகம். கம்பத்தின் மேல் அமரும் பருந்து ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து இறந்துவிடுகிறது. ஆபத்தான கம்பங்களை அடையாளம் கண்டு, கம்பிகளுக்கு உறை போட்ட பின்பே அந்த இழப்பைக் கட்டுப்படுத்த முடிந்தது. கம்பத்தடியில் இறந்த பறவையைக் கண்டால், தொடாமல் படமெடுத்து, கம்பத்தின் எண்ணைக் குறித்து, உடனே குழுவிடம் தெரிவிக்க வேண்டும். எந்தக் கம்பத்துக்கு முதலில் உறை போடுவது என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும்.

ஒன்பதாம் படி: போக இயலாதவர்களுக்கு

எல்லோராலும் கரீபியத்துக்குப் பயணம் செய்ய முடியாது. களப்பணி செய்யும் அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாம். அனுப்பும்போது மரமேறுவோரின் ஊதியத்துக்கும் கோழிக்கூண்டுகளுக்கும் என்று குறிப்பிடுங்கள். புந்தா கானாவுக்குச் சுற்றுலா செல்லும் உறவினர் இருந்தால், கால்வளையமிட்ட பருந்தைக் கண்டால் வளையத்தின் நிறத்தையும் எழுத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறந்த கூட்டிலிருந்து ஒரு பறவை எவ்வளவு தொலைவு சென்றது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது, யாரோடு இணைசேர்ந்தது என்பவற்றுக்கான விடை அந்த வளையத்தில்தான் இருக்கிறது. தெளிவாக எடுத்த ஒரே ஒரு படமும் அந்தப் பறவையின் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேரும்.